கறிக்கும் பொரியலுக்கும் உகந்தது

அந்த வருடம் சித்திரை மாதத்தோடு எனக்கு வேலை இல்லாமல் போனது. கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு, கிழக்குக் கரையில் எங்கள் ஓர்ஸ் ஹில் வீட்டில் இருந்தபடியே ஆறு வருடமாக இணையத்தளங்கள் செய்து கொடுத்து வந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாரையும் கம்ப்யூட்டரில் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, கால் மணித்தியாலத்துக்குள் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். புதன்கிழமை காலை வழமைபோல எட்டு மணிக்குத் தலை வாரி இழுத்து, மேசைக்கு முன்னால் போய் இருந்தேன். செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பது ஒன்பது மணிக்குத்தான் உறைத்தது.

எனக்குச் சும்மா இருக்க ஏலாது. அலுமாரியை ஒரே கிழமையில் மூன்று தரம் அடுக்கினேன். குசினிப் போத்தல்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினேன். எங்கள் வீட்டில் சீனிக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் யாரும் இல்லை. விண்ணப்பங்கள் அனுப்பினேன். பதில் வந்ததா என்று நிமிடத்துக்கு ஒரு தரம் போனைத் திறந்து பார்த்தேன். என் கணவர் துறைமுகத்தில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்கிறவர், இயல்பிலேயே ஆறுதலான, அவசரமே இல்லாத மனுசன். பின்னேரம் வந்து கதிரையில் இருந்து அவர் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் நான் அவரைச் சுற்றி நாலு தரம் நடந்திருப்பேன்.

"நீர் ஒரு இடத்தில இரும் பாப்பம். உம்மைப் பாக்க எனக்குத் தலை சுத்துது," என்பார்.

"இருந்தா எனக்குச் சுத்தும்," என்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் கிண்ணியாவில் இருக்கும் என் சிநேகிதி ஒரு வேலையோடு வந்தாள். கம்பஸில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறை. அவள் இப்போது பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். வகுப்பில் மீன்களைப் பற்றிய பாடம் வந்தபோது பிரச்சினை கிளம்பியிருக்கிறது. புத்தகத்தில் ஒரு பெயர், பிள்ளைகளின் வீட்டில் ஒரு பெயர், சந்தையில் இன்னொரு பெயர். நாங்கள் அறக்குளா என்று சொல்வதைக் கொழும்பில் தோரா என்று கேட்டால்தான் தருவார்கள். ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், அப்ப பேர் மாறினா மீனும் மாறுமா?" என்று கேட்டதாம். அந்தக் கேள்விதான் அவளை என்னிடம் அனுப்பியது.

"நம்மட கடல்ல இரிக்கிற மீனெல்லாத்துக்கும் ஒரு வெப்சைட் செய்வம் புள்ள. எல்லாப் பேரும், ஒரு போட்டோ, எந்த வலையில வரும், எந்த மாசத்தில வரும், எப்படிச் சாப்பிடுற. ஏலுமா ஒனக்கு?"

எனக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்தது. அவள் கதைத்து முடிக்க முன்னமே ஓம் என்றுவிட்டேன்.

அந்த வேலை எப்படி நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்தது அதில்தான் தங்கியிருக்கிறது. நூற்றுச் சொச்சம் மீனுக்கு நூற்றுச் சொச்சம் பக்கம் கையால் எழுதத் தேவையில்லை. ஒரேயொரு பக்கத்தை மாதிரியாகச் செய்துகொள்ளலாம். அதற்கு டெம்ப்ளேட் என்று பெயர். பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு வெற்றிடம், படத்துக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, காலத்துக்கு ஒன்று. மீன்களின் விபரம் எல்லாம் வேறாக, ஒரு அட்டவணையில், ஒரு மீனுக்கு ஒரு வரிசையாக இருக்கும். கட்டளை கொடுத்தால் புரோகிராம் ஒவ்வொரு வரிசையாக எடுத்து, வெற்றிடங்களை நிரப்பி, பக்கம் பக்கமாகத் தள்ளிவிடும். இரண்டு செக்கன் போதும். செய்த பக்கங்கள் அச்சடித்த தாள் மாதிரி அப்படியே இருக்கும். யார் எப்போது திறந்தாலும் அதே பக்கம்தான் வரும்.

அட்டவணை அவளுடைய பொறுப்பு. டெம்ப்ளேட் என்னுடையது.

சனி, ஞாயிறு நாட்களில் அவள் பாலம் தாண்டி பஸ்ஸில் ரவுனுக்கு வருவாள். என் ஸ்கூட்டரில் இரண்டு பேருமாக சல்லிக் கடற்கரைக்குப் போவோம். அங்கே கரைவலை இழுக்கும் ஒருவர், எங்களைவிட நாலைந்து வயது மூத்தவர், நாங்கள் கேட்பதற்கெல்லாம் சளைக்காமல் பதில் சொல்வார். வலை கரைக்கு வந்து மீன் குவியலாகக் கிடக்கும்போது ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார். சிநேகிதி போட்டோ எடுத்து, போனிலேயே அட்டவணையில் பதிந்துகொள்வாள். நான் பக்கத்தில் நின்று, அடுத்தது, அடுத்தது என்று அவசரப்படுத்துவேன்.

"தங்கச்சிக்கு பஸ் வெளிக்கிடப் போகுதோ?" என்று ஒருநாள் கேட்டார்.

"இவளுக்கு எந்த நாளும் பஸ் வெளிக்கிட்டுக்கொண்டுதான் இரிக்கி," என்றாள் சிநேகிதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குவியலுக்குள் பேத்தை ஒன்று கிடந்தது. தொட்டதும் காற்றை இழுத்து இழுத்துப் பந்துபோல ஊதிவிட்டது. சிநேகிதிக்குச் சந்தோசம். பிள்ளைகளுக்கு இதைத்தான் மிகவும் பிடிக்கும் என்று மண்ணில் முழங்காலில் இருந்து அஞ்சாறு படம் எடுத்தாள். "இது என்ன வலையில வாற, எந்தக் காலம்?" என்று கேட்டாள்.

"கரைவலையில வரும். எந்தக் காலமும் வரும், சனியன். அதையெல்லாம் எழுதுறதே? அதுவும் ஒரு மீனே?" என்று சொல்லிக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். அது உருண்டு தண்ணீருக்குள் போனது. அந்த நேரம் அடுத்த கயிற்றைப் பிடிக்கச் சொல்லி யாரோ கூப்பிட, அவர் ஓடிவிட்டார். நாங்களும் வெயில் ஏறுகிறது என்று திரும்பிவிட்டோம்.

ஆனி முடியும்போது அட்டவணையில் நூற்றிருபத்தெட்டு வரிசை சேர்ந்திருந்தது. முதல் தரம் எல்லாப் பக்கத்தையும் உருவாக்கிப் பார்த்த அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. சீலா, பாரை, சூரை, கும்பளா, விளைமீன், திரளி என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாகப் பார்த்தார்.

"இதில 'சாப்பாட்டுக்கு' எண்டு போட்டுட்டு ஒண்டும் இல்லையே," என்றார்.

பார்த்தேன். உண்மைதான். அந்தக் கட்டத்தைச் சிநேகிதி எல்லா மீனுக்கும் நிரப்பவில்லை. பால்சுறாவுக்கு, பிள்ளை பெற்றவர்களுக்கு உதிர்த்து வறை செய்து கொடுக்கலாம் என்று எழுதியிருந்தாள். நெத்தலிக்கு, கருவாடு. திருக்கைக்கு நாலு வரி. ஆனால் முப்பத்தாறு மீனுக்கு ஒன்றும் இல்லை. அந்த முப்பத்தாறு பக்கத்திலும் தலைப்பு மட்டும் வந்து, கீழே வெறிச்சுப் போய்க் கிடந்தது. வடிவாக இல்லை. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

சிநேகிதிக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினேன். "நீ சாப்பாட்டுக் கட்டத்தை வெறுமையா விட்டதெல்லாம் சாதாரணமாச் சாப்பிடுற மீன்தானே?" அவள் சோதனைத் தாள் திருத்திக்கொண்டிருந்த நேரம். கொஞ்சம் பொறுத்துப் பதில் வந்தது. "ஓம் புள்ள, பெரும்பாலும்."

ஓம் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

டெம்ப்ளேட்டைத் திறந்து ஒரு வரி சேர்த்தேன். இந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால், இந்த வசனத்தைப் போடு: கறிக்கும் பொரியலுக்கும் உகந்தது. கட்டளை கொடுத்தேன். இரண்டு செக்கன். முப்பத்தாறு வெற்றிடமும் நிரம்பிவிட்டது. வசனமும் நன்றாகத்தான் இருந்தது. எழுதிய கையைப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த நாளே தளத்தை இணையத்தில் ஏற்றினோம். சிநேகிதி பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அது அங்கிருந்து எங்கெங்கோ போனது. வெளிநாட்டில் இருந்தெல்லாம் எழுதினார்கள். ஒருவர் காரல் மீனின் படத்தைப் பார்த்து அழுததாக எழுதியிருந்தார். நிலாவெளியில் ஒரு விடுதி முகாமையாளர், பக்கங்களை அச்சடித்துத் தங்கள் குசினிக்கும் விருந்தாளிகளுக்கும் ஒரு ஃபைலாக வைக்கலாமா என்று கேட்டிருந்தார். வாசித்து ஒரு நிமிடத்துக்குள், தாராளமாக வையுங்கள் என்று பதில் போட்டேன்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. மதியத்துக்குச் சற்று முன்னம் சிநேகிதியின் குரல்பதிவு வந்தது. வழமையாகச் சிரித்துக்கொண்டு தொடங்குவாள். அன்றைக்குச் சிரிப்பு இல்லை.

"புள்ள, பேத்தைட பக்கத்தைத் திறந்து பார். எங்கட மூத்த நாநா மீன் சந்தையில இருந்து வந்து சொல்றார், அங்க எல்லாரும் சிரிக்கிறாங்களாம், டீச்சர்ட வெப்சைட்டில பேத்தையைக் கறி வெக்கச் சொல்லி இரிக்காம். நான் அப்படி எழுதல்ல. என்ன செஞ்சி வெச்சிருக்காய்?"

திறந்தேன். ஊதிப் பெருத்த பேத்தையின் படம், அவள் முழங்காலில் இருந்து எடுத்தது. பிடிபடும் வலை: கரைவலை. காலம்: வருடம் முழுவதும். சாப்பாட்டுக்கு: கறிக்கும் பொரியலுக்கும் உகந்தது.

பேத்தையில் நஞ்சு இருப்பது இந்தக் கரையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். யாராவது என்னிடம் கேட்டிருந்தால், தொடாதே என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் புரோகிராம் என்னைக் கேட்கவில்லை. கேட்காதபடி செய்துவைத்தது நான்தான்.

அந்த வரியை அழித்து, பக்கங்களைத் திரும்ப உருவாக்கி ஏற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதுவே எனக்கு ஆத்திரமாக இருந்தது. இவ்வளவு பெரிய பிழையைத் திருத்த இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்திருக்க வேண்டும் போல இருந்தது. பிறகு தளத்தின் பார்வைக் கணக்கைப் பார்த்தேன். எந்தப் பக்கம் எத்தனை தரம் திறக்கப்பட்டது என்பதை மட்டும் காட்டுவார்கள். யார் திறந்தது என்று காட்டமாட்டார்கள். பேத்தைப் பக்கம் நாற்பத்தொரு தரம். அதில் என்னுடையது மூன்று இருக்கும், சிநேகிதியுடையது அஞ்சாறு. மற்றவர்கள் யார்? சந்தையில் சிரித்தவர்கள் பரவாயில்லை. சிரிக்கத் தெரிந்தவனுக்கு ஆபத்து இல்லை. சிரிக்காமல் வாசித்தவர் யாராவது இருந்தால்?

அப்போதுதான் அந்த விடுதியின் ஃபைல் நினைவுக்கு வந்தது. இணையத்தில் இருப்பதை மாற்றலாம். தாளை மாற்ற ஏலாது. முகாமையாளருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். மூன்றாம் தரம் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்கூட்டர் திறப்புக் கொத்து என் கையில் இருந்தது.

ஜும்மாத் தொழுகைக்கு ஆட்கள் சேரும் நேரம், ரவுனுக்குள் ஊர்ந்து ஊர்ந்துதான் போக முடிந்தது. உப்புவெளி தாண்டியபிறகு முறுக்கினேன். வழி முழுக்க எனக்குள் ஒரு சண்டை. ஒன்றும் நடந்திருக்காது, நடந்திருந்தால் இதற்குள் தெரிந்திருக்கும் என்று ஒரு குரல். எப்படித் தெரியும், யார் உனக்குச் சொல்லப்போகிறார்கள் என்று இன்னொன்று. சல்லிக்குத் திரும்பும் சந்தியில், திரும்பி அந்தக் கரைவலை அண்ணனிடம் போய், தின்றால் எவ்வளவு நேரத்தில் தெரியும் என்று கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்க வாய் வராது என்று தெரிந்து நேரே போனேன்.

விடுதியில் முகாமையாளர் இல்லை, ரவுனுக்குப் போயிருந்தார். குசினியில் சமையல்காரர் மட்டும் நின்றார். முப்பது வயதுக்குள் இருக்கும், மெலிந்த ஆள், வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நீங்கதானாக்கா அது! உக்காருங்க, உக்காருங்க. டீ போடவா?"

கதைத்த விதத்திலேயே தெரிந்தது, மலையகத்து ஆள். பதுளைப் பக்கம் என்றார். விடுதி திறக்கும்போது மாசியில் வேலைக்கு வந்தாராம். அதற்கு முன்னம் கடலைக் கண்ணால் கண்டதில்லை.

"எனக்கு நெத்தலியும் தகர டின்னு மீனுந்தாங்க தெரியும். இங்க வந்து பாத்தா விதம்விதமா கெடக்கு. என்னா மீனுன்னு கேட்டா சிரிப்பாங்க. இந்த ஃபைல் வந்தப்புறந்தான் கடற்கரையில போய் வாய் தொறந்து பேசுனேன்."

ஃபைலை எடுத்து மேசையில் வைத்தார். பிளாஸ்டிக் உறைக்குள் ஒவ்வொரு பக்கமாகப் போட்டிருந்தது. உறைகளில் மஞ்சளும் எண்ணெயும் பட்டிருந்தன. சில பக்கங்களின் ஓரத்தில் பேனையால் குறிப்பு எழுதியிருந்தார்: முள்ளு நெறைய, புளி அதிகம் வேணும், வெள்ளைக்காரங்களுக்குப் பிடிச்சது. என் வாழ்நாளில் நான் செய்த எந்தப் பக்கத்தையும் ஒருவர் இவ்வளவு கவனமாக வாசித்ததில்லை.

"தம்பி, இதில பேத்தை எண்டு ஒரு மீன் இருக்கும். பந்து மாதிரி ஊதினது. அதைச் சமைச்சீங்களா?"

அவர் முகம் மாறியது.

"அதுவா," என்றார். "போன கிழமை கரைவலைக்காரங்க ஒன்ன மண்ணுல வீசியிருந்தாங்க. யாரும் எடுக்கல. நான் எடுத்தேன். ஒருத்தர் வந்து பட்டுன்னு என் கையில அடிச்சாரு, மீன் கீழ விழுந்துருச்சு. 'சாகப்போறியா'ன்னு கேட்டாரு. நான் இதுல எழுதியிருக்குன்னு போன்ல எடுத்த படத்தைக் காட்டினேன். அவ்வளவு பேரும் சுத்தி நின்னு சிரிச்சாங்கக்கா. 'எழுதினவங்கள முதல்ல தின்னச் சொல்லு'ன்னாங்க."

"தின்னேல்லையே?"

"இல்லைங்க. ஆனா அவர் அடிக்காட்டி தின்னுருப்பேன். புது மீனா இருந்தா விருந்தாளிக்கு வைக்கிறதுக்கு முன்னாடி நான்தான் தின்னு பாப்பேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். என் மேல் ஒரு கோபமும் இருந்ததாகத் தெரியவில்லை. நான் கதிரையில் இருந்துவிட்டேன். பிழை என்னுடையது என்று சொன்னேன். வெறுமையாக இருந்த கட்டத்தை நானே நிரப்பிய விதத்தைச் சொன்னேன். டெம்ப்ளேட், அட்டவணை என்றெல்லாம் விளங்கப்படுத்தப் போய்ப் பாதியில் நிறுத்தினேன். அவருக்கு அது தேவைப்படவில்லை. பேத்தைப் பக்கத்தை உறையிலிருந்து இழுத்து எடுத்து மடித்தேன். அப்போது அவர் கேட்டார்:

"அப்ப மத்ததெல்லாம் சரிங்களாக்கா?"

முப்பத்தாறில் ஒன்றைத்தான் பார்த்திருந்தேன். மிச்சம் முப்பத்தைந்தும் சரியா பிழையா என்று கடலைப் பார்த்தே வளர்ந்த எனக்குத் தெரியவில்லை.

"முழு ஃபைலையும் நான் கொண்டுபோறன் தம்பி. சரிபார்த்துத் திருப்பிக் கொண்டந்து தாறன்."

"அப்ப அதுவரைக்கும் நான் எதைப் பாக்குறது?"

அவர் எழுதிய குறிப்புகளும் அதற்குள் இருந்தன. எதையாவது மறந்துவிடக்கூடாது என்பதுபோல ஒரு தரம் புரட்டிப் பார்த்துவிட்டுத் தந்தார். டீயைக் குடிக்காமலே வெளிக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து முப்பத்தாறையும் பட்டியல் எடுத்தேன். முள்ளுப் பேத்தை என்று இன்னொன்று இருந்தது. ஃபைலில் அதற்கும் அதே வசனம். கடற்குதிரையும் இருந்தது. கறிக்கும் பொரியலுக்கும் உகந்தது. வேறு நாளாக இருந்தால் உருண்டு சிரித்திருப்பேன். மற்றதெல்லாம் நல்ல மீன்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் 'நினைக்கிறேன்' என்பதை வைத்து இனி ஒரு வரியும் எழுதுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். தளம் முழுவதையும் மூடிவிட்டு, சிநேகிதிக்குப் போனில் சொன்னேன்.

அவள் கொதித்துவிட்டாள். மூடியதற்கு அல்ல.

"நான் வெறுமையா விட்டது நீ நிரப்புறதுக்கில்ல. வெறுமை எண்டா எனக்குத் தெரியாது எண்டு அர்த்தம்."

"தெரியாது எண்டா தெரியாது எண்டு எழுதியிருக்கலாமே. நான் உன்னைக் கேட்டனான்தானே? நீ ஓம் எண்டாய்."

"பெரும்பாலும் எண்டு சொன்ன நான். அந்தப் பதிவு இன்னும் போன்ல இரிக்கி, போட்டுக் கேளு. மறுகா கதைப்பம்."

வைத்துவிட்டாள். போட்டுக் கேட்டேன். சொல்லியிருந்தாள். பின்னால் பிள்ளைகள் சத்தம் போடும் ஓசைக்கு நடுவே, தெளிவாகவே சொல்லியிருந்தாள். என்னிடம்தான் ஒரு சொல்லுக்கு மேல் கேட்கப் பொறுமை இருக்கவில்லை.

மூன்று கிழமை நாங்கள் கதைக்கவில்லை. அந்த மூன்று கிழமையும் நான் வீட்டுக்குள் நடந்த நடைக்கு அளவில்லை. எங்காவது மீன் சாப்பிட்டு ஒருவருக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டால் உடனே விசாரிப்பேன். எல்லாம் வேறு காரணமாக இருக்கும். ஒருநாள் கணவர் என் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார்.

"நடந்து என்ன செய்யப் போறீர்? அவவிட்டப் போய்க் கதையும்."

"அவள் கதைக்க மாட்டாள்."

"கதைக்காட்டி பக்கத்தில போய் இரும். உமக்கு அதுதான் கஷ்டம், தெரியும்."

அடுத்த நாள் பின்னேரம் கிண்ணியாவுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் அப்படியே உள்ளே போனாள், கதவைச் சாத்தவும் இல்லை. தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். போனை எடுக்கவில்லை. அவள் ஒரு கட்டுத் தாளைத் திருத்தி முடிக்கும்வரை இருந்தேன். உள்ளங்கால் எல்லாம் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது.

கடைசித் தாளை மூடிவிட்டுச் சொன்னாள்: "அந்த ஆள் திண்டிருந்தா என்ன செஞ்சிருப்பாய்?"

"தெரியாது."

"எனக்கும் தெரியா." தாள் கட்டைக் காட்டி, "வகுப்பில புள்ளைகளுக்கு நான்தான் சொல்ற, தெரியாத கேள்விக்கு விடையை வெறுமையா விடாதீங்க, எதையாவது எழுதுங்க எண்டு," என்றாள். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள், நானும் அழுதேன். அவளுடைய உம்மா கோப்பியோடு வந்து எங்களைப் பார்த்துவிட்டு, கோப்பியை மேசையில் வைத்துப் போனார்.

டெம்ப்ளேட்டை மாற்றினேன். இப்போது சாப்பாட்டுக் கட்டம் வெறுமையாக இருந்தால் அந்த மீனுக்குப் பக்கமே உருவாகாது. புரோகிராம் அந்த இடத்திலேயே நின்று, எந்த வரிசையில் என்ன இல்லை என்று சிவப்பு எழுத்தில் சொல்லும். நிரப்பிய பிறகும் போதாது. யாரிடம் கேட்டது என்று பக்கத்தில் இன்னொரு கட்டம் வைத்தோம். அதுவும் இல்லாமல் பக்கம் வராது. முதல் நாள் கட்டளை கொடுத்தபோது திரை முழுக்கச் சிவப்பு. நூற்றிருபத்தெட்டில் ஒன்றுகூட வரவில்லை, ஏனென்றால் யாரிடம் கேட்டது என்று நாங்கள் எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை.

திரும்பச் சல்லிக்குப் போனோம். அந்த அண்ணனுக்குக் கதை முழுக்கத் தெரிந்திருந்தது. நாங்கள் மண்ணில் இறங்கும்போதே சிரித்தார்.

"வாங்கோ, பேத்தைக் கறி சாப்பிட்டுட்டோ வாறியள்?"

"அண்ண, நீங்க அன்றைக்கு அதைச் சாப்பிட ஏலாது எண்டு சொல்லல்லையே," என்றாள் சிநேகிதி.

"காலால தட்டிவிட்டனான். அதுக்கு வேற என்ன அர்த்தம் தங்கச்சி?"

வலைக் குவியலுக்குப் பக்கத்தில் இருந்து முதல் மீனில் தொடங்கினோம். ஒரு நாளைக்கு ஏழு, எட்டு மீன்தான் முடியும். எப்படி வெட்டுவது, எதை எறிவது, எந்த மாதத்தில் சரியில்லை, யார் தின்னக்கூடாது. துருவித் துருவிக் கேட்டால் அவருக்கும் சிலதற்குத் தெரியவில்லை. "அது நான் திண்டதில்லை. சும்மா சொல்ல ஏலாது," என்பார். அப்படியானால் அந்த மீன் அப்படியே நிற்கும். நான் அடுத்தது என்று சொல்ல வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொள்வேன்.

ஐப்பசி பிறந்தபோது நூறு பக்கம் தேறியது. அவற்றை அச்சடித்து, சமையல்காரர் பேனையால் எழுதிய குறிப்புகளை அந்தந்தப் பக்கத்தின் ஓரத்தில் கையால் திரும்ப எழுதி, புது உறைகளில் போட்டு நிலாவெளிக்குக் கொண்டுபோனேன். விடுதியின் கேற் பூட்டியிருந்தது. சீசன் முடிந்துவிட்டது. காவலுக்கு நின்றவர், சமையல்காரர் ஊருக்குப் போய்விட்டார் என்றார். முகாமையாளரிடம் நம்பர் வாங்கி, வழியில் ஸ்கூட்டரை நிறுத்திச் சமையல்காரருக்குப் போன் அடித்தேன்.

நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை கிடைத்துவிட்டது என்றார். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"ஃபைல் சரியாக்கிட்டன் தம்பி. உங்கட குறிப்பெல்லாம் எழுதி வச்சிருக்கிறன். தபால்ல போடட்டா?"

"வேணாங்கக்கா. இங்க மீன் துண்டு போட்டுத்தான் வருது, ஐஸ்ல. என்னா மீனுன்னு அட்டையில எழுதியிருக்கும்." பிறகு சொன்னார்: "நீங்க அன்னைக்கு அவ்வளவு தூரம் ஓடி வந்தீங்க. அது போதுங்க. அடுத்த சீசனுக்கு யாராச்சும் புதுசா சமைக்க வருவாங்க, அவங்களுக்குக் குடுங்க."

யாரோ கூப்பிட, வைத்துவிட்டார். நான் தெருவோரத்திலேயே நின்றேன். அவரிடம் இன்னும் எதையோ சொல்லியிருக்க வேண்டும். என்னவென்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஃபைலைக் காவலாளியிடம் கொடுக்கத் திரும்பிப் போனேன்.

கார்த்திகையில் எனக்கு வேறொரு கம்பனியில் வேலை கிடைத்தது. சாப்பாட்டுக் கடைகளுக்கு இணையத்தளம் செய்யும் வேலை, அதுவும் இதே டெம்ப்ளேட், இதே அட்டவணைதான். வெறுமையான கட்டத்துக்கு எதையாவது போட்டு நிரப்பிவிடச் சொல்லி மேலாளர் சொல்வார். நான் நிரப்புவதில்லை. யாரிடம் கேட்கலாம் என்று திரும்ப எழுதுவேன். வேலை மெதுவாகப் போகிறது என்று அவருக்குக் குறை.

எங்கள் மீன் தளம் இப்போது திறந்திருக்கிறது. இன்னும் பதினொரு மீனுக்குப் பக்கம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை சிநேகிதி அட்டவணையைத் திறந்து, "இந்த ரெண்டும் குச்சவெளிப் பக்கம் கூடுதலாப் பிடிக்கிற மீன். அங்க போய்க் கேட்டாத்தான் சரி," என்றாள். வெளியே வாடைக்காற்று, கடல் கொந்தளிப்பு, ஒரு தோணியும் இறங்காத காலம்.

"இப்ப போய் ஆரைக் கேக்கிறது? தை பிறக்கட்டும்," என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு போனை மூடி வைத்தாள்.